கிராண்ட் பிரீ வரலாறு: முதல் நூல் எந்த ஆண்டில் தொடங்க வேண்டும்?

பந்தயப்பிரியன்:
பத்தாம் வகுப்பு முடித்த என் அக்கா மகனுக்கு, கிராண்ட் பிரீ எனப்படும் பெரிய கார்ப் பந்தயங்களின் வரலாற்றை அறிமுகப்படுத்தும் நூல் ஒன்று வாங்க வேண்டும். 1950-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையில் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து சொல்லும் நூலே அவனுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதற்கு முந்தைய காலத்தில் விதிகள் அடிக்கடி மாறியதால், எந்தப் பந்தயம் பெரியது என்பதே பிடிபடாமல் பத்துப் பக்கத்தில் நூலை மூடிவிடுவான்.

பழையசக்கரம்:
இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. சில்வர்ஸ்டோனில் இத்தாலிய ஓட்டுநர் ஃபரீனா ஓட்டி வென்ற ஆல்ஃபா ரோமியோ 158 என்ற கார், 1938-லேயே பந்தயத்துக்கு வந்துவிட்ட வண்டி. 1950-இல் தொடங்கும் நூலில் அது எங்கிருந்து வந்தது என்பதற்கே விடை கிடைக்காது. 1906-இல் லெ மான் அருகே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயைப் பாருங்கள். அதற்கு முன் நாடுகளுக்கிடையே நடந்த கோர்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் ஒரு நாட்டுக்கு மூன்று கார்களே என்ற வரம்பு பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களுக்குக் கசந்ததால் பிறந்த பந்தயம் அது. இரண்டு நாளில் ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர். ஜூன் வெயிலில் உருகிய தார் ஓட்டுநர்களின் கண்ணில் தெறித்தது. டயர் கிழிந்தால், ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்குமே அதைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை மாட்ட வேண்டும். ரெனோவில் வந்த ஃபெரென்ஸ் சிஸ்ஸோ, மிஷெலின் நிறுவனம் செய்த, கழற்றி மாட்டக்கூடிய ரிம்மின் (டயர் பொருந்தும் வெளிவளையத்தின்) நட்டுகளைத் திருகி எடுத்து, காற்றடைத்த டயரோடு கூடிய மற்றொரு ரிம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார், வென்றவர் அவரே. இந்த ஒரு பக்கத்தைப் படித்தவனுக்கு இன்று பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப் தானாகவே விளங்கும்.

பந்தயப்பிரியன்:
அந்தக் காட்சி அருமையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு முதலில் தெரிய வேண்டியது பாதுகாப்பு வந்த கதை. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், மழையில் பாதையை விட்டு எகிறிய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக் கிடந்தபோது, ஸ்டியரிங்கைக் கழற்றுவதற்கான ஸ்பேனரை சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் பார்வையாளர் ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. காரின் முன்பக்கம் இருந்த எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் மாறியதும் 1950-க்குப் பிந்தைய கதைதான்; 1950களின் இறுதியில் கூப்பர் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் கார்களால் வந்தது அது.

பழையசக்கரம்:
எஞ்சினைப் பின்னால் வைத்து 1934-லேயே ஆட்டோ யூனியன் என்ற ஜெர்மன் நிறுவனம் வென்றது, ஐயா. வேகத்தைக் குறைப்பதற்காக அவ்வாண்டு கொண்டுவந்த 750 கிலோ எடை வரம்பே, இலகுவான உலோகத்தைத் தேட வைத்து வேகத்தைக் கூட்டிவிட்டது. ஹிட்லர் அரசின் பணம் பெற்ற அந்த ஜெர்மன் கார்களை 1935-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையிலேயே, பழைய ஆல்ஃபா ரோமியோ ஒன்றில் இத்தாலிய ஓட்டுநர் டாசியோ நுவோலாரி தோற்கடித்ததை விட்டுவிட்டால் அது என்ன வரலாறு?

பந்தயப்பிரியன்:
கூப்பர் பற்றி நான் எழுதியது பிழை, திருத்திக்கொள்கிறேன். நுவோலாரியின் கதையை அவனுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஆயினும் முதலில் கையில் கொடுப்பது 1950-இல் தொடங்கும் நூலாகத்தான் இருக்கும்.