மாமனார் மாமியாரின் 40-ஆவது கல்யாண நாள்: வீட்டு விருந்துக்கு என்னென்ன செய்யலாம்?

கெசோன் சிட்டி மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸில் கெசோன் சிட்டியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் என் மாமனார் மாமியாருக்குக் கல்யாணமாகி 40 வருஷம் நிறைகிறது. காலையில் கோயிலில் நன்றித் திருப்பலி, மதியம் சாப்பாடு. ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் நாத்தனார். வீட்டில்தான் என்று என் வீட்டுக்காரரும் நானும் உறுதியாக இருக்கிறோம். முப்பது பேர் வரை வருவார்கள்.

மாமனாருக்குச் சொந்த ஊர் பம்பாங்கா, மாமியாருக்கு பீகோல் பக்கம் அல்பாய். இந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் முதல் நாள் ராத்திரியே பூண்டு உரிக்க உட்காருகிறவர் மாமியார்தான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் பின்கட்டில் டர்ட்டி கிச்சன் என்கிற வெளி அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்துச் சமைப்பார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்பங்கரையிலேயே நின்றபடி இரண்டு வாய் சாப்பிடுவார். அவருடைய கல்யாண நாளிலாவது மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, சூடாக, நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்று. என் அம்மா அப்பா கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். இருவரும் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு மட்டும் சாம்பார் வைத்து ஓரமாக உட்கார வைக்க எனக்கு மனசில்லை. சம்பந்தி வீட்டு விருந்தை அவர்களும் சாப்பிட வேண்டும். வாழையிலை விரித்து, எல்லாரும் கையால் சாப்பிடுகிற கமாயான் விருந்து போட்டால் அவர்களுக்கும் பழகினது போல இருக்குமா? லெச்சோன் (சுட்ட பன்றி) முழுசாக வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கவித்தே அக்கா:

தங்கச்சி, முதலில் மாமியார் விஷயம். "நீங்க உட்காருங்க" என்று சொன்னால் அவர் உட்கார மாட்டார். அடுப்பை அவர் நம்புகிற ஆள் கையில் கொடுத்தால்தான் உட்காருவார். அவருடைய தங்கையோ, பக்கத்து வீட்டில் நன்றாகச் சமைக்கிற அம்மாவோ யாராவது இருப்பார்கள். முன்கூட்டியே வரவழைத்து, "பான்சித் நூடுல்ஸ் என் பொறுப்பு" என்று மாமியார் காதுபடச் சொல்லச் சொல். தொட்டுக்கொள்ளும் சௌசாவான் மட்டும் அவர் கையால் கலக்கட்டும்: வினிகர், தட்டின பூண்டு, சிலிங் லபுயோ மிளகாய், உப்பு. இரண்டு நிமிஷ வேலை. அதையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு மனசு ஆறாது.

சாப்பாடு என்று வரும்போது, கேட்டரிங்காரர் நீட்டுகிற வழக்கமான பட்டியலை எடுக்காதே. லும்பியாங் ஷாங்காய் என்கிற பொரித்த இறைச்சி ரோலும் ஸ்பகெட்டியும் குழந்தைகளுக்காக இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் இருக்க வேண்டியது இவர்கள் இரண்டு பேருடைய ஊர்ச் சாப்பாடு.

மாமனாருக்கு பிரிங்ஹே. பம்பாங்காவில் விசேஷத்துக்கென்றே செய்வது. ஒட்டரிசி, தேங்காய்ப்பால், மஞ்சள். கனமான பாத்திரத்தில் வாழையிலை போட்டு, அதன்மேல் அரிசியைப் பாலோடு வேகவிட்டு, மேலேயும் இலை மூடி, தீயைச் சிறுசாக்கிவிட வேண்டும். இலை வாசனை சோற்றில் இறங்கும். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கிறதே, அந்தத் தீயலுக்குத்தான் போட்டி நடக்கும். கோழியும் சொரிசோ தொத்திறைச்சியும் போடுவார்கள். நீ இன்னொரு சின்னப் பாத்திரத்தில் பச்சைப் பட்டாணி, குடைமிளகாய், உலர்ந்த திராட்சை மட்டும் போட்டுச் செய். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோற்றை உங்கள் அப்பா மறுபடி கேட்டு வாங்குவார்.

மாமியாருக்கு லாயிங். காய்ந்த சேம்பு இலை சந்தையில் கட்டாகக் கிடைக்கும். இரண்டாம் தேங்காய்ப்பாலில் இஞ்சி, பூண்டு, வெங்காயம் போட்டு, கொதி வந்ததும் இலையைப் பரப்பி மெதுவாக அமுக்கிவிடு. கிளறாதே. இலை பாலையெல்லாம் குடித்து, கறுத்துக் குழைந்த பிறகுதான் கரண்டி போட வேண்டும். முன்னாடியே கிளறினால் நாக்கு அரிக்கும் என்று பீகோல்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். பிறகு கெட்டிப்பாலும் மிளகாயும். ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் விடு. வழக்கமாக இதில் பன்றி இறைச்சியோ கருவாடோ, உப்பில் ஊறின இறால் விழுதான பாகோங்கோ சேரும். என் யோசனை, முழுச் சட்டியையும் சைவமாகவே செய்துவிடு. பாகோங்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். அப்போது சம்பந்திகள் நாலு பேரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம்.

நிலக்கடலைக் குழம்பான காரே-காரேயும் இதே வழிதான். அதற்கு எப்படியும் பாகோங்கைத் தனியாகத்தான் வைப்பார்கள். வாலெலும்பு போட்டது ஒரு பாத்திரம், வாழைப்பூ, கத்தரிக்காய், நீளக் காராமணி, பெச்சாய்க் கீரை மட்டும் போட்டது ஒரு பாத்திரம். வறுத்த நிலக்கடலையும் வறுத்த அரிசிமாவும் அரைத்த குழம்பு இரண்டுக்கும் ஒன்றே. இறைச்சி வேகவைத்த தண்ணீர் மட்டும் சைவப் பாத்திரத்தில் விழக்கூடாது.

பான்சித் இல்லாமல் கல்யாண நாள் கிடையாது. நீளமான நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கு, ஆகையால் உடைக்காமல் போட வேண்டும். கான்டன் என்கிற கோதுமை நூடுல்ஸில் முட்டை சேருவது வழக்கம், அதனால் அம்மா அப்பாவுக்கு அரிசி நூடுல்ஸான பிஹோன் எடு. கோழித் தண்ணீருக்குப் பதில் காய்ந்த காளான் ஊறவைத்த தண்ணீர், பாதிஸ் மீன் சாஸுக்கு பதில் சோயா சாஸ். சிப்பி சேர்ந்த ஆய்ஸ்டர் சாஸ் பாட்டில் சமையல்காரர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பழக்கதோஷத்தில் ஊற்றிவிடுவார்கள்.

கமாயான் வேண்டாம் என்பேன். சோற்றைக் குவித்து, மேலே மீன், இறைச்சி, இறால் எல்லாம் பரப்பி எல்லாரும் கையால் எடுத்துச் சாப்பிடுவது அருமையான விஷயம்தான். ஆனால் எல்லாம் ஒரே இலையில் கிடக்கும்போது கொழுப்பு வழிந்து சோற்றில் ஊறும், உங்கள் அம்மா ஒரு வாய்கூடத் தொட முடியாது. அதோடு எழுபதை நெருங்குகிறவர்களை வைத்துக்கொண்டு இடித்துப் பிடித்து உட்காரவும் முடியாது. பிலாவ் மூங்கில் தட்டுகளில் வாட்டின வாழையிலை விரித்து, பதார்த்தங்களைத் தனித்தனியாக வை. சைவத் தட்டுகள் மேசையின் ஒரு கோடியில், அவற்றுக்குத் தனிக் கரண்டி. பெரியவர்கள் நாலு பேருக்கும் நீயே பரிமாறிவிடு. அவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம்.

லகுனா வாசி:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார்கள், லெச்சோன் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். முப்பது பேர், 40-ஆவது வருஷம் என்றால் முழுசாகவே வாங்குங்கள். நீங்கள் கெசோன் சிட்டியிலேயே இருக்கிறீர்கள், லெச்சோன் கடைகள் நிறைந்த லா லோமா பக்கத்தில்தான். அங்கே லூசோன் பாணி, ஈரல் சாஸோடு வரும். வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல் அடைத்துச் சுடுகிற செபூ பாணிக்கு சாஸ் தேவைப்படாது. மாமனார் பம்பாங்காக்காரர் என்பதால் சாஸ் உள்ளதே அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்தான் முக்கியம். திருப்பலி முடிந்து போட்டோ எடுத்து வீடு வந்து சேரத் தாமதமாகும். சாப்பிட உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்னால் வந்தால் போதும் என்று சொல்லி வையுங்கள். வந்தவுடன் பெட்டியைத் திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் ஆவியில் தோல் நமுத்துவிடும், மொறுமொறுப்பு போய்விட்டால் லெச்சோனுக்கு என்ன இருக்கிறது! முதல் தோல் துண்டு மாமனார் மாமியாருக்கு. மிச்சத்தை மறுநாள் வினிகரும் ஈரல் சாஸும் விட்டு பாக்சீவ் வைத்துவிடலாம்.

முப்பது பேர் என்கிறீர்கள், நாற்பத்தைந்து பேருக்குச் சமையுங்கள். நினோங், நினாங் என்று ஞானப்பெற்றோர் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா கொடுத்தனுப்பாவிட்டால் மாமியாருக்குத்தான் மனசு கேட்காது. டப்பாக்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

கெசோன் சிட்டி மருமகள்:

அக்கா, தம்பி, இருவருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரின் தங்கை லெகாஸ்பியிலிருந்து இரண்டு நாள் முன்னாலேயே வருகிறாராம். லாயிங்கை அவரே செய்வதாகச் சொல்லிவிட்டார், பாகோங் போடாமல். அதைக் கேட்டதும் மாமியார், "அப்படியானால் தேங்காய் நான் துருவுகிறேன்" என்றார். சித்தி அதற்கும் இடம் கொடுக்கவில்லை, சந்தையிலேயே துருவி வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்.

இனிப்புக்கு லெச்சே ஃப்ளான் புட்டிங் என் பொறுப்பு. அம்மா அப்பாவுக்கு அதில் முட்டை இருக்கிறதே, என்ன செய்ய?

கவித்தே அக்கா:

அவர்களுக்கு பீகோ. ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை, மேலே லாதிக். தேங்காய்ப்பாலைக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து கசடு பழுப்பாகுமே, அதுதான் லாதிக். அதை நீயே செய், முதல் நாளே செய்து வைத்தாலும் கெடாது.

ஃப்ளானுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரையை யானேரா என்கிற தகர அச்சிலேயே போட்டு, இடுக்கியால் பிடித்து அடுப்புமேல் சுற்றிச் சுற்றிக் காட்டிக் கருக்கு. தேன் நிறம் வந்ததும் எடுத்துவிடு, சூட்டில் இன்னும் கொஞ்சம் கறுக்கும். மஞ்சள் கருவை நுரை வராமல் கலக்கி, வடிகட்டி ஊற்று. மேலே ஃபாயிலால் மூடி, சிறு ஆவியில் வேகவை. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக விழும். முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சாப்பாடு முடிந்த பிறகு கவிழ்.

விடியோக்கே பாட்டு மெஷினை மறந்துவிடாதே. பாட்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிடுவார்கள், அவர்களுக்கும் சேர்த்து பான்சித் வை. பெரும்பாலான ஊர்களில் ராத்திரி 10 மணிக்கு மேல் பாடவிட மாட்டார்கள், உங்கள் பாரங்காய் வட்டாரத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்.