நெஞ்சுவலிக்கு மருதம்பட்டை: ஆதாரம் உண்டா?

கேள்வி, ரோஸ்ஹில் (மொரீஷியஸ்):
அப்பாவுக்கு 66 வயது. படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) என்று அட்டெனலால், ஆஸ்பிரின், ஐசோசார்பைட் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சித்தி மருதம்பட்டைப் பொடியைத் தந்து, "இதுவே போதும், மாத்திரையை விடச் சொல்லு" என்கிறார். ஆய்வு ஏதும் உண்டா? எப்படிக் கொடுப்பது?

பதில், போர்ட் லூயி:
உண்டு. ஆனால் சித்தி சொல்லும் அளவுக்கு இல்லை. எல்லோரும் காட்டுவது 2002-ல் இந்தியாவில் வெளியானது. ஆஞ்சைனா உள்ள 58 ஆண்கள். மருதம்பட்டைச் சத்து 500 மி.கி. எட்டு மணிக்கொரு தடவை, ஐசோசார்பைட் நாளுக்கு 40 மி.கி., மருந்தில்லாத வெற்று மாத்திரை என மூன்றையும் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரையைவிட மருது எடுத்த வாரத்தில் வலி குறைவு, ட்ரெட்மில்லில் நடந்த நேரம் அதிகம். ஏறக்குறைய ஐசோசார்பைட் அளவுக்கே. நல்ல முடிவுதான். ஆனால் ஒரே வாரம், பெண்கள் யாரும் இல்லை. மாரடைப்பைத் தடுக்குமா என்று ஒரு வாரத்தில் எப்படித் தெரியும்? ஆஸ்பிரின் ரத்தம் கட்டாமலிருக்கத் தருவது. வலி குறைந்தாலும் அந்த வேலை தீர்ந்துவிடாது. அட்டெனலாலைத் திடீரென நிறுத்தினால் ஆஞ்சைனா முன்னைவிட மோசமாகும், மாரடைப்பே வரலாம்.

பதில், கியூர்பிப்:
பழைய முறை பால்கஷாயம். இடித்த பட்டை 5 கிராம், பால் 40 மி.லி., தண்ணீர் 160 மி.லி.; சிறுதீயில் பாலளவுக்கு வற்றியதும் வடிகட்ட வேண்டும். பட்டை ரவைப் பதத்தில் இருக்கட்டும், மாவாக இருந்தால் வடியாமல் கூழாகிவிடும். இரும்புச் சட்டி ஆகாது, பட்டையின் துவர்ப்பு பட்டுக் கறுத்துவிடும். ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த சத்து, அந்த 500 மி.கி. கணக்கைப் பொடிக்குப் போடாதீர்கள். நம் கடற்கரையில் நிற்கும் பதாமியே (நாட்டுவாதுமை) மரமும் மருதுக்குச் சொந்தம்தான். அதற்காக அதன் பட்டையை உரித்துப் போட்டுவிடாதீர்கள். மருதம்பட்டையால் மலச்சிக்கல், தலைவலி வரலாம்.

பதில், போர்ட் லூயி:
ஒன்று விட்டுப்போச்சு. வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை) எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் விடாத வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 114-க்கு அடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வார்ஃபரின் இல்லை. மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. அடுத்த செக்கப்பில் பொடியைப் பற்றிக் கேட்கிறோம்.

பதில், கியூர்பிப்:
பொட்டலத்தையே கொண்டுபோங்கள். கூட்டுப்பொடியாக இருந்து அதிமதுரமும் சேர்ந்திருந்தால் அது பிரஷரை ஏற்றும்.