மறு: கலைச்சொல் வேண்டும்: படத்தின் கோப்பளவைக் குறைப்பதற்கு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் கணினி மையத்தில் திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள். விண்ணப்பத் தளம் புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பேசியில் எடுத்த படமோ 4 எம்பி நிற்கிறது. அதை எப்படிக் குறைப்பது என்று தமிழில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

படத்தின் நீள அகலத்தைத் தொடாமல் கோப்பின் கனத்தை மட்டும் குறைக்கிறோமே, அந்தச் செயலுக்கு ஒரு சொல் வேண்டும். நீள அகலத்தைக் குறைப்பது வேறு வேலை. அதற்கு 'அளவு மாற்று' என்று போட்டுவிட்டேன், அதைக் கிளறாதீர்கள். பிறகு இந்தக் குறைப்பிலேயே இரண்டு வகை: விரித்தால் பழைய படம் அப்படியே திரும்பக் கிடைப்பது ஒன்று, திரும்பவே கிடைக்காதது மற்றொன்று. இரண்டுக்கும் பெயர் வேண்டும். 'கம்ப்ரஸ்' என்றே எழுதிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிகிறவர். அவர் சொல்வதே நடந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இங்கே வந்தேன்.

திருப்பூரிலிருந்து:

'சுருக்கு' போதும். பொத்தானில் நான்கு எழுத்து அடங்கும், எவருக்கும் புரியும். மென்பொருள் மொழிபெயர்ப்பில் நான் வருடக்கணக்காக அதைத்தான் போட்டு வருகிறேன், இதுவரை ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை.

பெருந்துறையிலிருந்து:

புரிவது மட்டும்தான் அளவுகோல் என்றால் 'கம்ப்ரஸ்' என்பதும் புரியத்தான் செய்கிறது. கலைச்சொல் என்றால் கருத்தைச் சுட்ட வேண்டும். 'படச் சுருக்கம்' என்று எழுதிப் பாருங்கள். திரைப்படத்தின் கதைச் சுருக்கம் என்றுதான் படிப்பார்கள். முகச் சுருக்கம், துணியின் சுருக்கம் வேறு இருக்கின்றன.

இலக்கணத்தில் இதற்கென்றே ஒரு சொல் காத்திருக்கிறது: குறுக்கம். ஐகாரக் குறுக்கம், ஔகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம், ஆய்தக் குறுக்கம். 'போலும்' என்பது 'போன்ம்' ஆகும்போது, அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகிறது. எழுத்து அதே எழுத்து, வரிவடிவம் அதே வடிவம். உள்ளே இருக்கும் ஒலியளவுதான் குறைகிறது. நீள அகலம் மாறாமல் கனம் மட்டும் குறைகிறது என்று கோபி ஆசிரியர் கேட்டது இதைத்தானே? குறு என்னும் வேரிலிருந்து குறில், குறள், குறுகு, குறுநொய், குறும்பு...

திருப்பூரிலிருந்து:

ஐயா, குறும்பு வரைக்கும் போய்விட்டீர்கள். எங்கள் பக்கம் 'குறுக்கு' என்றால் இடுப்பு. 'படத்தைக் குறுக்கு' என்று பொத்தானில் போட்டால் குறுக்கு வலிக்குத் தைலம் விற்கிற செயலி என்று நினைப்பார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் தமிழ் படித்தவன் அல்லன், தேங்காய் நார் ஆலை வைத்திருப்பவன். நார்க்கழிவை எந்திரத்தில் அமுக்கி ஐந்து கிலோ கட்டியாக ஏற்றுமதிக்கு அனுப்புகிறோம். வாங்குகிறவர் தண்ணீர் ஊற்றினால் பொலபொலவென்று விரிந்து பல மடங்காகிவிடும். ஆகவே 'அமுக்கம்' என்று வைக்கலாமே?

பெருந்துறையிலிருந்து:

ஈழத்தில் வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் என்று நாம் 'அழுத்தம்' என்பதை அவர்கள் வழங்குகிறார்கள். ஒரே சொல்லுக்குக் கடலுக்கு இருபுறமும் இரண்டு பொருள் வேண்டாம். தவிரவும், பணத்தை அமுக்கிவிட்டான் என்ற வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல.

கோயம்புத்தூரிலிருந்து:

பொள்ளாச்சி நண்பரின் கட்டி அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு வகைக்குத்தான் பொருந்தும். ஜிப் கோப்பும் பிஎன்ஜி படமும் அந்தக் கட்டியைப் போல. விரித்தால் ஒரு பிட் குறையாமல் பழையது வரும். கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படும் ஜேபெக் வடிவம் அப்படியில்லை.

12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தால் 36 எம்பி வரவேண்டும். அது 4 எம்பியாக நிற்பதே ஜேபெக் தயவில்தான். 1992-இல் தரப்படுத்தப்பட்ட முறை அது. ஒளியைவிட நிறத்தில் நம் கண் மந்தம் என்பதால் முதலில் நிற விவரத்தைக் குறைத்துக்கொள்கிறது. படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கொசைன் உருமாற்றத்தால் அலைகளாகப் பிரிக்கிறது. (1974-இல் அகமது, நடராஜன், ராவ் மூவரும் வெளியிட்டது. நடராஜன் எந்த ஊர் என்று யாரும் மடல் போட வேண்டாம்.) பிறகு நுண்ணிய அலைகளின் எண்களை வகுத்து முழு எண்ணாக்குகிறது, பல எண்கள் பூச்சியமாகிவிடும். போனது அங்கேதான் பெரும்பாலும் போகிறது. கடைசியாக, மிச்சத்தை 1952-இல் ஹஃப்மன் சொன்ன முறையில் அடுக்குகிறது; அந்தக் கடைசிப் படியில் எதுவும் இழப்பதில்லை.

பொதுச்சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். வகைகளுக்கு 'இழப்புள்ள', 'இழப்பற்ற' என்று தெளிவாக வையுங்கள். மாணவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது அந்த வேறுபாடுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, வாங்கி, மறுபடி அனுப்பி, அதை மீண்டும் ஜேபெக்காகச் சேமிப்பவர்கள் கடைசியில் முகம் ஏன் மங்கியது என்று கேட்கிறார்கள். கையெழுத்தையும் ஜேபெக்கில் மிகையாகக் குறைத்தால் கோட்டைச் சுற்றிப் புழுதி படிந்தாற்போல் இருக்கும்.

கரூரிலிருந்து:

பெருந்துறை ஐயா நன்னூலை எழுத்ததிகாரத்தில் திறந்தார். பாயிரத்திலேயே விடை இருக்கிறது. நூலின் பத்து அழகில் முதலாவது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றத்தில் முதலாவது குன்றக் கூறல். சுருங்குவது வேறு, குன்றுவது வேறு என்று பவணந்தியார் பிரித்தே வைத்திருக்கிறார். குன்றாச் சுருக்கம், குன்றும் சுருக்கம். இவற்றைவிட நல்ல இணை கிடைக்காது.

இன்னொன்று: சுருங்கு தன்வினை, சுருக்கு பிறவினை. படம் தானாகச் சுருங்கவில்லை, நாம் சுருக்குகிறோம். ஆகவே 'சுருக்கம்' என்று நிறுத்தாமல் 'சுருக்கல்' என்றால் கதைச் சுருக்கக் குழப்பமும் தீரும்.

பெருந்துறையிலிருந்து:

அம்மையாருக்கு வணக்கம். பாயிரத்தை நான் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. பவணந்தியார் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். மைசூர்ப் பக்கம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பாயிரம் சனகை என்கிறது. சனகாபுரம் மருவித்தான் சீனாபுரம் ஆயிற்று என்பதற்குப் பக்கத்திலேயே விசயமங்கலத்துச் சமணக் கோயில் இருப்பதையும், உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் நிரம்பையும் இந்த வட்டாரமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால்...

மட்டுறுத்துநர்:

சீனாபுரத்துக்குத் தனி இழை தொடங்கவும்.

கோயம்புத்தூரிலிருந்து:

குன்றாச் சுருக்கல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குன்றக் கூறல் குற்றம். ஜேபெக் செய்வது குற்றமன்று. கண்ணுக்கு எட்டாததைத் தெரிந்தே விடுகிறது. குற்றப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தால், குன்றும் வகை மட்டமானது என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். 50 கேபிக்கு வர அவர்களுக்கு அதுதான் கைகொடுக்கப் போகிறது.

திருப்பூரிலிருந்து:

அதைவிடப் பெரிய சிக்கல்: குன்று என்றால் பிள்ளைகளுக்குச் சென்னிமலைதான் நினைவுக்கு வரும்.

கரூரிலிருந்து:

'என்றும் குன்றாத புகழ்' என்று சுவரொட்டியில் படிக்கிறார்களே, அங்கே மலையா தெரிகிறது? 'இழப்பு' மட்டும் என்ன? 'குடும்பத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று இரங்கல் செய்தியில் வருகிற சொல்தானே?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

வெள்ளி மாலை ஆகிவிட்டது. அச்சகத்துக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பொத்தானுக்குச் 'சுருக்கு', செயலுக்குச் 'சுருக்கல்' என்று போட்டுவிட்டேன். கரூர் அம்மா சொன்ன தன்வினை, பிறவினைக் காரணம் எனக்கே வகுப்பில் சொல்ல வசதியாக இருக்கிறது. வகைகளுக்கு இழப்புள்ள, இழப்பற்ற. குன்றாச் சுருக்கலை அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியவில்லை. பொள்ளாச்சி நண்பரின் கட்டியை அவர் அனுமதியோடு மூன்றாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். கோப்பு இணைப்பில்.

பொள்ளாச்சியிலிருந்து:

அனுமதி எதற்கு? தாராளமாக. ஆனால் கையேட்டிலேயே அமுக்கி என்று எழுதியிருக்கிறீர்களே, பிறகு ஏன் என் சொல்லை விட்டீர்கள்?

பெருந்துறையிலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சுருக்கலில் வினை சரி, வேர் சரியில்லை. சுரு என்பது சுருள், சுருட்டு என்று சுற்றுவதற்குப் போகும் வேர். படத்தை யாரும் சுருட்டவில்லை. இரண்டாம் பதிப்பில் 'குறுக்கல்' வருமென்று நம்புகிறேன். அதற்குமுன் அச்சகத்துக்கு ஒரு திருத்தம் சொல்லுங்கள்: மூன்றாம் பக்கத்தில் 'நார்கழிவு' என்று ஒற்று விடுபட்டிருக்கிறது. நார்க்கழிவு.