கேம் ஷோ நெட்வேர்க்கின்ட நல்ல காலம் எது? பார்த்த ஆக்கள் சொல்லுங்க

கல்லடி வாவிக்கரை எழுதியது:

அமெரிக்காவில 1994 டிசம்பர் 1ஆம் திகதி தொடங்கின கேம் ஷோ நெட்வேர்க் என்ற சனலை இங்க ஆராவது பார்த்திருக்கிறீங்களா? பழைய போட்டி நிகழ்ச்சிகளை இரவு பகலாத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த சனல். நம்மட மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள்ல அங்க இருந்து திரும்பினவங்க, பிள்ளைகளோட போய் நின்றவங்க கொஞ்சப் பேராவது கண்டிருப்பீங்க என்ற நம்பிக்கையில எழுதுறன்.

என்ட கருத்து, 1998 ஏப்ரலுக்கும் 2004 மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலம்தான் அதிட பொற்காலம். காரணத்தைச் சொல்லிப்போட்டுக் கேள்விக்கு வாறன்.

சனல் சோனியிட. சக் பாரிஸ் தயாரிச்ச நியூலிவெட் கேம், டேட்டிங் கேம் எல்லாம் சோனியிட சொந்தச் சரக்கு. ஆனா ஆக்கள் உயிரா விரும்பின மட்ச் கேம், பாஸ்வேர்ட், ஃபமிலி ஃபியூட், வட்ஸ் மை லைன் எல்லாம் குட்சன் - டொட்மன் கம்பனி தயாரிச்சது. அதுகளைக் காசு குடுத்து உரிமை எடுத்துத்தான் போட்டாங்க. 1997 ஒக்டோபரில அந்த உரிமை முடிஞ்சு, அனேகமான நிகழ்ச்சிகள் காணாமல் போயிற்று. ஆறு மாதம். அங்கத்தை ரசிகர்கள் இன்றைக்கும் அதை ‘இருண்ட காலம்’ என்றுதான் சொல்லுவாங்க. 1998 ஏப்ரலில திரும்பி வந்திச்சு. அதுக்குப் பிறகு அந்தப் பழைய நிகழ்ச்சிகளை அந்தச் சனல் நடத்தின விதத்தில ஒரு மரியாதை இருந்தது.

நான் அப்ப நியூயோர்க் ஸ்டேட்டன் ஐலண்டில ஒரு பெற்றோல் செட்டில நடுச்சாமம் வரைக்கும் வேலை. அறைக்கு வந்து, குளிச்சு, சோத்தைச் சூடாக்கி இருக்க, விடியச்சாமம் மூன்று மணியை அண்டி கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகள் தொடங்கும். அதில தலைமகன் வட்ஸ் மை லைன். 1950இல இருந்து 1967 வரைக்கும் சீபீஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில, பெரும்பாலும் ஞாயிறு இரவில போனது. ஒரு ஆள் வந்து பலகையில பேரை எழுதிப்போட்டு இருப்பார். அவர் என்ன தொழில் செய்யிறார் என்று நாலு பேர் கேள்வி கேட்டுப் பிடிக்க வேணும். ஓம், இல்லை என்று மட்டும்தான் பதில். ஒரு ‘இல்லை’க்கு அஞ்சு டொலர், பத்து ‘இல்லை’ வந்தா ஐம்பது டொலரோட ஆள் வென்றார். பரிசு அவ்வளவுதான்! கடைசியில பேர்பெற்ற ஒருத்தர் வருவார், அதுக்கு நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுவாங்க. 1957இல ஓவியர் சல்வடோர் டாலி வந்து, நீங்க எழுத்தாளரா என்று கேட்டாலும் ஓம், விளையாட்டுக்காரரா என்று கேட்டாலும் ஓம். நடத்துனர் ஜோன் டேலி இடையில புகுந்து புகுந்து விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. காசுக்காக இல்லாம அறிவையும் பண்பையும் பார்க்கிறதுக்கென்றே மனிசர் கூடியிருந்த நிகழ்ச்சி அது.

சனல் அதைப் பெரும்பாலும் முதல்ல ஒளிபரப்பான வரிசையிலேயே போட்டுக்கொண்டு போனது. என்ட வழக்கு முழுக்க இந்த வரிசையிலதான் நிக்குது. டொரதி கில்கலன் என்று ஒரு பத்திரிகைக்காரி அந்த நாலு பேரில ஒருத்தி. கேள்வியால ஆளை வளைச்சுப் பிடிக்கிறதில அவக்கு நிகர் இல்லை. 1965 நவம்பர் 7, ஞாயிறு இரவு நிகழ்ச்சியில சிரிச்சுக்கொண்டு இருந்தவ, அடுத்த நாள் செத்துப் போனா. இரவுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வாற எனக்கு அந்தத் திகதி கிட்டக்கிட்ட வாறது தெரியும். அடுத்த கிழமை நிகழ்ச்சியில அவட கதிரையில கிட்டி கார்லைல் வந்து இருந்தா. முப்பத்தைஞ்சு வருசம் போல முந்திச் செத்த, என்ட ஊர் எந்தத் திசை என்றும் தெரியாத ஒரு மனிசிக்காக அந்த அறையில தனிய இருந்து அழுதன். நாலு நல்ல பகுதியைப் பொறுக்கிப் போட்டிருந்தா அந்த அழுகை வந்திருக்காது.

2004 மார்ச்சில பேரை ஜீஎஸ்என் என்று சுருக்கினாங்க. சீட்டாட்டமும் வேற வேற புதுச் சரக்கும் வந்து குந்திற்று. அதைப்பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

கேள்வி ரெண்டு. உங்களுக்கு நல்ல காலம் எது? மற்றது, எங்கட ஊர் வாசிகசாலையில சனிக்கிழமை பின்னேரங்களில ஏ.எல். பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் காதில விழட்டும் என்று இந்தப் பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்ட நினைக்கிறன். இப்ப யூடியூபில கன பகுதி கிடக்கு. எதில தொடங்கலாம்?


களுவாஞ்சிகுடி மகள், நியூ ஜேர்சி:

மாமா, உங்கட எழுத்தைப் பார்த்துப்போட்டு அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் எழும்பி இருந்து கேட்டார்.

ஆனா நான் உங்களோட ஒத்துப்போக மாட்டன். முதல் மூன்று வருசம்தான் நல்ல காலம். 1994 கடைசியில இருந்து 1997 ஒக்டோபர் வரைக்கும். அப்ப சோனியிட நிகழ்ச்சியும் குட்சன் - டொட்மன்ட நிகழ்ச்சியும் ஒரே வீட்டுக்குள்ள இருந்தது. பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்தையும் கழட்டாம மட்ச் கேம் பார்ப்பன். நடத்துனர் ஜீன் ரேபேர்ன் அந்த நீண்ட மெல்லிய மைக்கைப் பிடிச்சுக்கொண்டு வசனத்தை வாசிச்சு ஒரு சொல்லை மட்டும் விட்டிருவார். அந்தச் சொல்லை நிரப்ப வாற நடிகர்களில பிரெட் சோமர்ஸும் சார்ள்ஸ் நெல்சன் ரைலியும் பக்கத்தில பக்கத்தில இருந்து சண்டை பிடிப்பாங்க. அம்மாக்கு அப்ப இங்கிலிஷ் சரியா ஓடாது, ஆனா அந்த ரெண்டு பேரின்ட சண்டை மட்டும் நல்லா விளங்கும். எங்கட பெரியம்மாமார் மாதிரியே இருக்கு என்பா.

பிள்ளைகளுக்கு பிரஸ் யுவர் லக் போடுங்க. 1984இல ஒஹாயோவில இருந்து வந்த மைக்கல் லார்சன் என்றவர், பரிசுப் பலகையில ஓடுற வெளிச்சம் (அது நிக்கிற கட்டத்தில இருக்கிறதுதான் கிடைக்கும்) அஞ்சே அஞ்சு ஒழுங்கிலதான் ஓடுது என்று வீட்டில ரேப்பை நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்துப் பாடமாக்கி, ஒரே ஆட்டத்தில 1,10,237 டொலர் வென்றார். களவு இல்லை, முழுக்க அவதானிப்பு. கணிதம் படிக்கிற பிள்ளைகள் விடமாட்டாங்க. அதைப்பற்றி அந்தச் சனல் 2003இல ஒரு விவரணப் படமும் செய்தது.


அக்கரைப்பற்று இங்கிலிஷ் ரீச்சர்:

அண்ணா, நான் இந்தச் சனலைப் பார்த்தவ இல்லை, யூடியூபில மட்டும்தான். படிப்பிக்கிற ஆளாச் சொல்லுறன், வட்ஸ் மை லைனில தொடங்காதீங்க. அந்த நாலு பேரும் நியூயோர்க் பெரிய மனிசர், வேகமாகவும் சுத்தி வளைச்சும் கதைப்பாங்க. அந்தக் காலத்து நாடகக்காரரையும் அரசியல்வாதிகளையும் நம்மட பிள்ளைகளுக்கு ஆரென்றே தெரியாது. பத்து நிமிசத்தில ஃபோனை எடுத்திருவாங்க.

பாஸ்வேர்ட் போடுங்க. 1961இல சீபீஎஸ்ல தொடங்கினது, நடத்தினவர் அலன் லடன். ஒருத்தர் கையில ஒரு சொல் இருக்கும். அதைக் கூட்டாளி கண்டுபிடிக்க ஒரே ஒரு சொல்லைத்தான் குறிப்பாக் குடுக்கலாம். முதல் குறிப்பில பிடிச்சா பத்துப் புள்ளி, பிறகு ஒன்று ஒன்றாகக் குறையும். என்ட வகுப்பில பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியும், ரெண்டாம் தாள் எழுதுவாங்க, ஆனா ஒரு சொல் வராட்டி அதுக்குக் கிட்டின சொல்லைத் தேடத் தெரியாம வாயடைச்சு நிப்பாங்க. இந்த விளையாட்டு அந்த இடத்திலதான் கை வைக்குது. ஒரு பகுதியைப் பார்த்துப்போட்டு நிப்பாட்டி, பிள்ளைகளையே ரெண்டு ரெண்டு பேரா விளையாட விடுங்க. முதல் நாள் தமிழில விளையாடட்டும். கூச்சம் போனாப் பிறகு இங்கிலிஷ்.


கல்முனைக் கடற்கரை:

அண்ணன், நான் அமெரிக்காவும் போனதில்லை, அந்தச் சனலையும் கண்டதில்லை. ஆனா நீங்க வரிசையாப் பார்த்ததைச் சொன்ன இடத்தில எனக்கு நெஞ்சடைச்சிற்று.

எங்கட வாப்பா இலங்கை வானொலியில பி.எச். அப்துல் ஹமீத் நடத்தின பாட்டுக்குப் பாட்டை கசற்றில பதிஞ்சு வைப்பார். ஒவ்வொரு கசற்றிலயும் திகதி எழுதி, சப்பாத்துப் பெட்டிகளில அடுக்கி, அலுமாரிக்கு மேல. எழுத்தைச் சொன்ன உடன போட்டியாளர் யோசிச்சுக்கொண்டு நிக்க, உம்மா குசினிக்குள்ள இருந்து பாட்டைத் தொடங்கிருவா. பிறகு சன் ரீவியிலயும் அவர் நடத்தினதைப் பார்த்தம். அது நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா வானொலியில கேட்கக்குள்ள வீட்டில எல்லாருமே போட்டியாளர்தான்.

2004 டிசம்பர் 26 கடல் வந்த நாள் அலுமாரியே போயிற்று. வாப்பா அதைப்பற்றிப் பிறகு ஒரு சொல்லும் கதைச்சதில்லை. அமெரிக்காக்காரன் 1950ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இன்னும் வச்சிருக்கான் என்று வாசிக்கக்குள்ள, எப்பிடி வச்சிருந்தான் என்று அறிய ஆசையா இருக்கு.


கல்லடி வாவிக்கரை:

எல்லாருக்கும் பெரிய நன்றி.

மகள், அப்பாட்ட நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்க. முதல் மூன்று வருசத்தில எல்லாம் ஒரே கூரைக்குள்ள இருந்தது உண்மைதான். ஆனா லார்சன்ட விவரணப் படம் 2003இல வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீங்க. அது என்ட காலத்துக்குள்ள வருது! பழையதைத் திரும்பப் போடுறதோட நிக்காம, அதுக்குப் பின்னால நடந்ததையும் தேடி எடுத்துச் சொன்ன சனல் அது. அதுக்காகவே நான் என்ட ஆண்டுகளை விடமாட்டன்.

ரீச்சர், நீங்க சொன்னதை அப்பிடியே செய்யப் போறன். வாற சனிக்கிழமை பாஸ்வேர்ட், முதல் சுற்று தமிழில. இடையில ஒன்று மட்டும் என்ட விருப்பத்துக்குப் போடுவன், வந்தவரின்ட ரகசியத்தைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கிற ஐவ் கொட் எ சீக்ரெட் நிகழ்ச்சியில 1956 பெப்ரவரியில வந்த ஒரு பகுதி. சாமுவேல் சீமோர் என்ற 95 வயதுக் கிழவர். தங்கின இடத்தில விழுந்து கண்ணுக்கு மேல வீங்கிக் கிடக்கு, ஆனாலும் வந்திருக்கிறார். அவர்ர ரகசியம், ஆபிரகாம் லிங்கன் 1865இல சுடுபட்ட இரவு அந்தத் தியேட்டரில அஞ்சு வயசுப் பிள்ளையா இருந்தது. லிங்கன் சுடுபட்டது அந்தப் பிள்ளைக்கு விளங்கயில்லை. மேல இருந்து குதிச்சு விழுந்த ஆளுக்கு என்னமோ ஏதோ என்றுதான் பதறியிருக்கு. அந்த ஆள்தான் சுட்டவன். ரெண்டு மாதத்தில கிழவர் காலமானார். இங்கிலிஷ் விளங்காட்டிலும் பிள்ளைகள் அந்த முகத்தைக் காண வேணும்.

கல்முனைத் தம்பி, நீங்க கேட்டதுக்குப் பதில் இருக்கு. அந்தக் காலத்தில நேரடியாப் போன நிகழ்ச்சியை வைக்க ஒரே வழி, திரையில ஓடுறதை ஃபிலிம் கமராவால படம் பிடிக்கிறது. கினஸ்கோப் என்பாங்க. ஆரம்ப வருசங்களில சீபீஎஸ் அந்த ஃபிலிம்களை வைக்காம எறிஞ்சிற்று. 1952இல தயாரிப்பாளர்களுக்கு அது தெரியவந்து, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஃபிலிமில எடுத்து வைக்கிற செலவைத் தாங்களே தாறம் என்று பொறுப்பெடுத்தாங்க. அதுக்கு முந்தினதில கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு, பிந்தினது பெரும்பாலும் முழுசாக் கிடக்கு. ஆராவது ஒருத்தர் காசு செலவழிச்சு வைக்க முடிவெடுத்ததால வந்ததுதான். உங்கட வாப்பா செய்ததும் அதே வேலை, தம்பி. அவரை எனக்குத் தெரியாது, ஆனா அவர்ர கையைப் பிடிச்சுக் கதைக்க ஆசையா இருக்கு.

காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, திருக்கோவில் ஆக்கள், ஆற்றயாவது வீட்டில பழைய வானொலி நிகழ்ச்சிக் கசற் கிடந்தா இங்க எழுதுங்க. என்னிட்ட நல்ல டெக் ஒன்று இருக்கு, கம்பியூட்டரில ஏத்தித் தரலாம். நிகழ்ச்சி அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை, திகதி தெரியாட்டிலும் பரவாயில்லை. பூஞ்சணம் பிடிச்ச கசற் என்றா ஓட விட்டுப் பார்க்காம அப்பிடியே கொண்டு வாங்க, ஓடினா ரேப் இன்னும் பழுதாப் போகும்.