ஆறு வாரமாகியும் மேப்பிள் விதை முளைக்கவில்லை, போத்தும் கறுத்துவிட்டது

மொட்டைத்தொட்டி: ஜப்பானிய மேப்பிள் விதை இருபதை இறக்கை கிள்ளி, ஈர மணலோடு பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். ஆறு வாரமாயிற்று, ஒன்றும் அசையவில்லை. தெரிந்தவரின் சிவப்பிலை மரத்தில் வெட்டி நட்ட நான்கு போத்துகளும் பத்தே நாளில் கறுத்துச் சாய்ந்துவிட்டன. எங்கே தவறினேன்?

ஈரமண்: விதை மரத்தில் பறித்ததா, பொட்டலத்தில் வந்ததா?

மொட்டைத்தொட்டி: பொட்டலம்தான். குலுக்கினால் சலசலத்தது.

ஈரமண்: சலசலத்ததா, அங்கேதான் சிக்கல். காய்ந்த விதையின் தோல் இறுகிக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறி உள்ளே ஈரம் போனால்தான் விதையின் உறக்கத்தைக் கலைக்கும் குளிர் வேலை செய்யும். அதன்பின் 1 முதல் 5 டிகிரி செல்சியஸில் 90 முதல் 120 நாள் வையுங்கள். மணலைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. முதலில் ஓரிரு விதையைப் பிளந்து பாருங்கள்.

மொட்டைத்தொட்டி: மூன்றைப் பிளந்தேன். ஒன்று வெறும் கூடு. மற்ற இரண்டில் இலையை மடித்துவைத்தது போலப் பச்சையாக ஏதோ இருந்தது.

ஈரமண்: அதுதான் முளைக்கரு. நல்ல விதை இரண்டு போயிற்று, போகட்டும். மீதியை இன்றே ஊறவையுங்கள்.

சுள்ளி: குறுக்கிடுகிறேன். எல்லா மேப்பிளுக்கும் இது பொருந்தாது. வெள்ளி மேப்பிள் விதையைப் பத்திரமாகக் காயவைத்து மொத்தமாகக் கொன்றவன் நான். அது வசந்தம் முடியும்போது உதிரும், விழுந்த ஈரத்தோடு விதைத்தால் குளிரே இல்லாமல் முளைக்கும்.

பழங்கத்தரி: போத்தை எப்போது வெட்டினீர்கள்?

மொட்டைத்தொட்டி: இலை நிறம் மாறத் தொடங்கியபோது.

பழங்கத்தரி: மரம் உறங்கப் போகும் நேரம் அது. கோடைத் தொடக்கத்தில், வளைத்தால் வளைந்து பிறகு முறியும் இளங்கிளையை வெட்டுங்கள். நுனியில் இரண்டு இலை போதும். அடியில் வேரூக்கி தொட்டு நட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மூடி, நிழலில் வையுங்கள். வேர் வந்ததும் தொட்டி மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். வேர்விட்ட போத்துகள் முதல் குளிர்காலத்தில்தான் அதிகம் சாகின்றன. மறு வசந்தத்தில் துளிர்த்த பிறகு மாற்றலாம். அந்தச் சிவப்பிலையே வேண்டும் என்றால் விதையை நம்ப முடியாது, கன்று எந்த நிறத்திலும் வரலாம். பெயருள்ள ரகங்களைப் பெரும்பாலும் ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

மொட்டைத்தொட்டி: ஊறவைத்துவிட்டேன். பதினேழில் பன்னிரண்டு அடியில், ஐந்து இன்னும் மிதக்கின்றன. வெறும் கூடுகளாக இருக்குமோ, எறிந்துவிடவா?

ஈரமண்: வேண்டாம், தனிப் பையில் போடுங்கள். மிதந்தது முளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.