நடத்தைப் பகுப்பாய்வாளர் மீது எங்கே புகார் அளிப்பது?

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் ஐந்து வயது மகனைச் சென்ற ஜூன் முதல் புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் அழைத்துச் சென்றோம். இரண்டு மாதங்களாக அந்தப் படியில் கால் வைத்ததுமே மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். சென்ற வாரம் இடுப்பில் பட்டை அழுந்திய தடம் சிவந்திருந்தது. நாற்காலியில் கட்டி உட்காரவைப்பதும் பயிற்சிதான் என்றார்கள். அன்றோடு நிறுத்திவிட்டோம்.

பயிற்சியாளர் தம்மை உளவியலாளர், நடத்தைப் பகுப்பாய்வாளர் (நடத்தையை ஆராய்ந்து பயிற்சி தருபவர்) என இரண்டாகவும் சொல்லிக்கொள்கிறார். சுவரில் சட்டமிட்ட சான்றிதழ் பளபளக்கிறது, பதிவு எண்ணைத்தான் காணோம். எழுத்தில் கேட்டும் தரவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (RCI) பதிவேட்டில் தேடினேன். அவர் பெயர் அகப்படவில்லை. ஆனால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவாகிறவர்களில் மருத்துவ உளவியலாளர்கள் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வாளர்களோ, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் வருகிறார்கள். போதாக்குறைக்கு, நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில், மையம் இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில்.

பதிவு எண் காட்டாத இத்தகையவர் மீது புதுச்சேரியில் எந்த அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும்?