மார்ட்டின் செய்தது என்ன? (அரேஞ்ச்மென்ட்டுக்குத் தமிழ்ச்சொல்)

நண்பர்களே,
பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழு பற்றிய பாடம் ஒன்றைத் திங்களுக்குள் தமிழில் தரவேண்டும். 'எலினார் ரிக்பி' (1966) பாட்டில் மாட்டிக்கொண்டேன். மெட்டு பெரும்பாலும் நால்வரில் ஒருவரான மெக்கார்ட்னியுடையது. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ என எட்டுத் தந்திக்கருவிகளுக்கும் தனித்தனியே எழுதிக்கொடுத்தவர் அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் நால்வரும் அதில் ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை. மெக்கார்ட்னி செய்தது இசையமைப்பு. மார்ட்டின் செய்த அரேஞ்ச்மென்ட்டை என்னவென்று எழுத?
செ.

> என்னவென்று எழுத?
இசைக்கோர்ப்பு. எல்லோரும் சொல்வதுதானே. முடிந்தது.
இ.

முடியவில்லை தம்பி. கோத்தான், கோத்து, கோவை. நடுவில் ரகரம் எங்கிருந்து வந்தது? 'கோப்பு' என்று திருத்தினால் தாலுகா ஆபீஸ் வாடை. 'கோர்வை' என்றாலோ மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை முடிக்கத் தயாராகிவிடுவார். சிலம்பில் அரங்கேற்று காதையைப் பாருங்கள். குழல்வழி யாழ், யாழ்வழித் தண்ணுமை, அதன்பின் முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. கருவிகளை ஒழுங்குபடுத்துவதற்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா?
மு.

ஐயா, ஆமந்திரிகைக்கு இடக்கை என்ற தோற்கருவி என்றல்லவா உரை? மார்ட்டின் கையில் இடக்கையைக் கொடுத்துவிட்டீர்களே! பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் பாடம் இது.
இ.

உரையாசிரியர் சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? எல்லாக் கருவியும் கூடி ஒலிப்பது என்றுதான் நான் கொள்கிறேன். பிள்ளைகளுக்கு அல்காரிதம் புரியும், ஆமந்திரிகை புரியாதாக்கும்.
மு.

சண்டையை விடுங்கள், எனக்கு வேறு சந்தேகம். 'பென்னி லேன்' (1967) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைத் தொலைக்காட்சியில் பார்த்த மெக்கார்ட்னிக்கு அந்தச் சின்ன டிரம்பெட் பிடித்துப்போனது. அதை வாசித்த டேவிட் மேசனையே வரவழைத்தார்கள். மெக்கார்ட்னி வாயால் பாடிக்காட்ட, மார்ட்டின் சுரமாக எழுதினார். அப்படியானால் அங்கே கோத்தது யார்? 'கருவியமைப்பு' என்று வைத்தால் எந்தக் கருவி என்று தேர்ந்ததும் அதற்குள் வந்துவிடுமே.
க.

க. அக்கா, 'கருவியமைப்பு' என்றால் பாத்திரக்கடையில் மிக்சி பொருத்துவதுபோல இருக்கிறது.
இ.

நேரமில்லை. மூன்று பேர் கோப்பு, கோர்ப்பு என்ற பக்கம். 'இசைக்கோப்பு' என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'அதாவது அரேஞ்ச்மென்ட்' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். தாலுகா ஆபீஸ் வாடைக்கு மு. ஐயா மன்னிக்க.
செ.

மன்னிக்கவில்லை. ஆமந்திரிகையின் வேர் 'மந்தரம்' என்றே எனக்குப் படுகிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.
மு.